பழி நாலு மணித் தேத்தண்ணி மேல்: வயிற்றுக்காக ஆறு மாதம் எழுதிய கொப்பி

எனக்கு வயிறு ஊதத் தொடங்குகிற நேரம் பின்னேரம் ஐந்து மணி. கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், பம்பலப்பிட்டி வருவதற்குள் இடுப்புப் பட்டி இறுகிவிடும், வெள்ளவத்தையில் இறங்கும்போது கைப்பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன். வீட்டுக்கு வந்ததும் ஒன்று படுக்கவேண்டும், இல்லாவிட்டால் கழிப்பறைக்கு ஓடவேண்டும். மூன்று வருஷமாக இப்படி. கிழமையில் நாலு நாளாவது.

ஐந்து மணிக்கு வருகிற வருத்தத்துக்கு நாலு மணிக்குக் குடிக்கிற பால்தேத்தண்ணிதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா சொன்னார், மேல் வீட்டு மாமி சொன்னார், பார்மசியில் மருந்து எடுத்துத் தருகிற தம்பியும் சொன்னார். நானும் நம்பினேன். போன வருஷம் நாலு மாதம் பாலை அடியோடு விட்டுவிட்டு பிளேன்டீ குடித்துப் பார்த்தேன். சில நாள் நன்றாக இருந்த மாதிரி இருந்தது, சில நாள் இல்லை. எதையும் எழுதி வைக்கவில்லை, அதனால் நாலு மாதம் கழித்து என் கையில் ஒன்றுமே இல்லை. பால் எனக்குக் கூடாது என்கிற எண்ணம் மட்டும் இன்னும் பலமாகியிருந்தது. இந்த வருஷம் தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி ஒழுங்காகத் தொடங்கினேன். அந்த ஆறு மாதத்தில் என்ன செய்தேன், எங்கே பிழைவிட்டேன், என்ன தெரிந்தது என்பதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே வருத்தத்தோடு சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் என் அலுவலகத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் தட்டைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது.

முதலில் டொக்டரிடம் போனேன். இந்தப் படியைத் தாண்டிப் போகவேண்டாம். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, காய்ச்சல், இரத்தச்சோகை, நித்திரையிலிருந்து எழுப்புகிற வலி, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய வருத்தம், இதில் ஒன்று இருந்தாலும் கொப்பி எழுதிக்கொண்டிருக்கிற நேரம் அது இல்லை. அதேபோல் இறாலோ கணவாயோ கச்சானோ சாப்பிட்டதும் உதடு வீங்குகிறது, உடம்பில் தடிப்புப் போடுகிறது, மூச்சு இழுக்கிறது என்றால் அது ஒவ்வாமை. அதை வீட்டில் கொஞ்சம் தின்று பார்ப்போம் என்று சோதிக்கவே கூடாது. எனக்கு இவை ஒன்றும் இல்லை. டொக்டர் இரத்தம், மலம், தைரொய்ட் எல்லாம் பார்க்கச் சொன்னார், அதோடு சீலியாக் நோய்க்கான (கோதுமையால் குடல் கெடுகிற நோய்) எதிர்ப்பொருள் சோதனை ஒன்றும் எழுதினார். எழுதும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "இரத்தம் குடுக்கிற வரைக்கும் பாணை நிப்பாட்டாதீங்கோ." நான் அந்தக் கிழமைதான் பாணை நிறுத்துவதாக இருந்தேன். சீலியாக் சோதனை தேடுவது, கோதுமையிலுள்ள குளூட்டன் என்கிற புரதத்தைச் சாப்பிடுகிறபோது உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்பொருளை. கோதுமையை நிறுத்தினால் அந்த எதிர்ப்பொருள் குறைந்துவிடும், நோய் இருந்தாலும் இல்லை என்று அறிக்கை வந்துவிடும். முதலில் சோதனை, பிறகுதான் விலக்கல். இந்த வரிசை மாறினால் பிறகு சோதனைக்காகவே கிழமைக்கணக்காகத் திரும்பப் பாண் சாப்பிடவேண்டி வரும்.

எல்லாம் சரியாக இருந்தது. குடலில் காயமோ வீக்கமோ இருப்பதற்கு அறிகுறி இல்லை, ஐபிஎஸ் என்கிற வகை, அதாவது சோதனையில் ஒன்றும் தெரியாமலே குடல் கூச்சப்பட்டு வருத்தம் தருவது, என்ன சாப்பிட்டால் கூடுகிறது என்று பாருங்கோ என்று அனுப்பினார்.

அந்த நேரத்தில்தான், ஒரே ஊசியில் இரத்தம் எடுத்து நூற்றுக்குக் கிட்டச் சாப்பாடுகளில் எது உங்களுக்குக் கூடாது என்று சொல்கிறோம் என்கிற ஒரு சோதனைக்குக் காசு கட்ட இருந்தேன். எந்த இடம் என்பது வேண்டாம். என்னோடு வேலை செய்கிற அக்கா ஒருவர் ஏற்கனவே கட்டியிருந்தார். அவருக்கு வந்த பட்டியலில் அரிசி, தேங்காய், முட்டை மூன்றும் சிவப்பில் இருந்தன. கொழும்பில் இருக்கிற ஒரு தமிழ் மனுஷி அரிசியும் தேங்காயும் இல்லாமல் என்னத்தைச் சாப்பிடுவது? அவர் மாதக்கணக்காகப் பாணும் கோழியும் சாப்பிட்டு இன்னும் மோசமானார். அந்தச் சோதனை பார்ப்பது ஐஜிஜி என்கிற எதிர்ப்பொருளை. அது பெரும்பாலும் நீங்கள் அடிக்கடி என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் காட்டும். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2008இலேயே, உணவு ஒத்துக்கொள்ளாமையைக் கண்டுபிடிக்க இதைப் பாவிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டது. அரிசியும் தேங்காயும் சிவப்பில் வந்ததற்கு விளக்கம் அதுதான். அந்த அக்கா அவற்றை நாள்தோறும் சாப்பிட்டார்.

சரி, கொப்பிக்கு வருவோம். முதல் மூன்று நாள் எழுதியது ஒன்றுக்கும் உதவவில்லை. "மதியம்: சோறு, கறி" என்று எழுதியிருந்தேன். எந்தக் கறி, எத்தனை அகப்பை, வெங்காயம் வதக்கியதா பச்சையா, ஒன்றும் இல்லை. நாலாம் நாளிலிருந்து பார்சலைப் பிரித்ததும் போனில் ஒரு படம், அப்புறம் அளவு. வயிற்றுக்குப் புள்ளி பூச்சியம் முதல் பத்து வரை, ஒரு நாளைக்கு மூன்று தரம், காலை பத்து, பின்னேரம் ஐந்து, இரவு ஒன்பது. வயிறு நோகிற நேரம் மட்டும் எழுதினால் நோகாத நேரம் கணக்கில் வராது, அதனால் நன்றாக இருந்தாலும் மணி அடித்தால் எழுதவேண்டும். மலத்துக்கு பிரிஸ்டல் அட்டவணை இருக்கிறது, 1997இல் வந்தது, ஏழு வகை, ஒரு இலக்கம் போட்டால் போதும். இவற்றோடு நித்திரை எத்தனை மணித்தியாலம், மாதவிடாய் நாள், மாத முடிவுக் கணக்கு மூடுகிற நாள். கடைசி இரண்டும் வயிற்றைப் புரட்டுவது எனக்கு முதலே தெரியும். அவற்றைக் குறிக்காமல் விட்டால் அந்த நாளில் சாப்பிட்டதன் மேல் பழி விழும்.

ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்.

"வெள்ளி. 7.00 பாண் மூன்று துண்டு, தேங்காய்ச் சம்பல் மூன்று மேசைக்கரண்டி, வெங்காயம் நிறைய. 10.15 பால்தேத்தண்ணி. 12.45 மரக்கறிச் சாப்பாடு, பருப்பு மூன்று அகப்பை, கத்தரிக்காய்ப் பால்கறி, பீட்ரூட், பப்படம். 4.05 பால்தேத்தண்ணி. 5.00 வயிறு 7. 6.30 கோவில், கடலைச் சுண்டல் ஒரு கை. 9.00 வயிறு 8. நித்திரை இல்லை."

இரண்டு கிழமை முடிந்து கொப்பியை மேசையில் விரித்துப் பார்த்தபோது மூன்று விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, காலை 10.15க்கும் நான் பால்தேத்தண்ணி குடிக்கிறேன். அதே பால்மா, அதே கரண்டி, அதே கோப்பை. அதற்குப் பிறகு மத்தியானம் வரை ஒரு நாளும் வயிறு ஊதுவது கூடவில்லை. மூன்று வருஷமாக ஒரு நாளைக்கு இரண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் குற்றம் சொல்லியிருக்கிறேன். இரண்டு, வெள்ளிக்கிழமைதான் கிழமையிலேயே மோசம். கிழமை முழுக்க வேலை செய்த களைப்பு என்று நினைத்திருந்தேன், ஆனால் வெள்ளிக்கிழமை நாங்கள் சைவம், மீனுக்குப் பதிலாகப் பருப்பு இரட்டிப்பாகிறது, அதன் மேல் கோவில் சுண்டல். மூன்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில் மூன்று மணிக்குத்தான், அன்றைக்கு வயிறு ஊதுவது ஐந்துக்கு இல்லை, எட்டுக்கு. தேத்தண்ணி அதே நாலு மணிக்குத்தான் குடித்தேன்.

இந்த நேரக் கணக்குத்தான் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. பாலிலுள்ள லாக்டோஸ் என்கிற சர்க்கரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வழமையாக அரை மணியிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். கோதுமை, வெங்காயம், உள்ளி இவற்றில் இருக்கிற ஃபிரக்டன் என்கிற சர்க்கரை, பருப்பிலும் கடலையிலும் இருக்கிற அதே மாதிரியான வேறொரு சர்க்கரை, இவை வேறு. இவற்றை உடைக்கிற நொதி எந்த மனிதக் குடலிலும் இல்லை. உடையாமலே சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்குப் போய், அங்கே கிருமிகள் அவற்றைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். எல்லோருக்கும் நடக்கிறதுதான், குடல் நரம்பு கூச்சமாக இருக்கிறவர்களுக்குத்தான் அது வலியாகத் தெரிகிறது. வாயிலிருந்து பெருங்குடலுக்குப் போக நாலைந்து மணித்தியாலம் எடுக்கும், சிலருக்கு இன்னும் கூட. 12.45க்குச் சாப்பிட்ட பருப்பு ஐந்து மணிக்கு வந்து சேர்கிறது. நடுவில் நாலு மணிக்கு ஒரு தேத்தண்ணி வந்து நிற்கிறது, பழி அதன் மேல் விழுகிறது.

ஆனால் இது ஊகம்தான். தேத்தண்ணியைக் குற்றம் சொன்னதும் ஊகம்தானே. அதனால் பாலை முதலில் சோதித்தேன். வீட்டுத் தராசில் அலுவலக அளவுக்குப் பால்மாவைப் போட்டு நிறுத்தேன், குவித்த இரண்டு தேக்கரண்டி 14 கிராம். முழு ஆடைப் பால்மாவில் 100 கிராமுக்குச் சுமார் 38 கிராம் லாக்டோஸ், ஆகவே ஒரு கோப்பைக்கு ஐந்து கிராம் சொச்சம். லாக்டோஸ் செரிக்காதவர்களில்கூடப் பெரும்பாலானோர் ஒரே தடவையில் 12 கிராம் வரை தாங்குவார்கள். அதனால் கோப்பையைப் பெரிதாக்கினேன்: காலை 6.30க்கு வெறும் வயிற்றில் 250 மில்லிலீட்டர் பாலில் இஞ்சி போட்டு ஒரு தேத்தண்ணி, அதில் 12 கிராம் லாக்டோஸ் இருக்கும். ஒன்பது மணி வரை வேறொன்றும் சாப்பிடுவதில்லை, அரை மணிக்கு ஒருக்கால் புள்ளி.

எனக்குத் தெரியாமல் நடக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். சுப்பர்மார்க்கெட்டில் லாக்டோஸ் நீக்கிய பெட்டிப் பால் கிடைக்கிறது, விலை கூட, ஆனால் ஆறேழு பெட்டிதானே. அம்மா குசினியில் பத்து ரூபாய் நாணயத்தைச் சுண்டுவார்; சின்னம் விழுந்தால் சாதாப் பால், இலக்கம் விழுந்தால் லாக்டோஸ் நீக்கியது. எழுதிய தாளைத் தன் தையல் பெட்டிக்குள் வைத்துவிடுவார். முதல் நாளே கெட்டது. ஒரு மிடறு குடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, லாக்டோஸ் நீக்கிய பால் இனிக்கும், ஏனென்றால் லாக்டோஸை எடுத்துவிடுவதில்லை, குளுக்கோசாகவும் கலக்டோசாகவும் உடைத்துவிடுகிறார்கள், அவை இரண்டும் லாக்டோஸை விட இனிப்பு. அந்த நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா சாதாப் பாலுக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டு, இரண்டுக்கும் இஞ்சியை நன்றாக இடித்துப் போட்டார். இன்றைக்கு எந்தப் பால் என்று நான் நினைப்பதையும் ஒவ்வொரு நாளும் கொப்பியில் எழுதினேன்.

பன்னிரண்டு நாள். தையல் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஏழு நாள் சாதாப் பால், ஐந்து நாள் லாக்டோஸ் நீக்கியது. வயிற்றுப் புள்ளி இரண்டிலும் பூச்சியத்துக்கும் மூன்றுக்கும் இடையில். அந்த மூன்று வந்த ஒரே நாள் லாக்டோஸ் நீக்கிய நாள். என் ஊகம் சரியாக இருந்தது ஆறு தரம், அதாவது நாணயத்தைச் சுண்டியே சொல்லியிருக்கலாம். அம்மா தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "அப்ப இவ்வளவு காலமும் உன்னைப் பால் குடிக்க விடாமல் செய்தனே பிள்ளை" என்றார். அன்றைக்குப் பின்னேரம் அவரே கேட்காமல் பால்தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

மாசி நடுப்பகுதியில் விலக்கல் தொடங்கியது. கோதுமை, வெங்காயம், உள்ளி, பருப்பு, கடலை, பயறு இவை மூன்று கிழமைக்கு இல்லை. இந்த முறைக்கு அடிப்படை மெல்பேர்னிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்துடையது, பீட்டர் கிப்சன், சூசன் ஷெப்பர்ட் இருவரும் 2005இல், குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளிக்கிற இந்த மாதிரிச் சர்க்கரைகளுக்கு ஃபொட்மாப் என்கிற பெயரைக் கொண்டுவந்தார்கள். அந்தக் குழு 2014இல் ஐபிஎஸ் உள்ள 30 பேருக்கு 21 நாள் இந்தச் சாப்பாட்டையும் 21 நாள் வழமையான சாப்பாட்டையும் கொடுத்துப் பார்த்ததில் வருத்தம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் அவர்கள் பட்டியலுக்கு எங்கள் குசினி தெரியாது. சோறு, அரிசிமாப் புட்டு, மீன், முட்டை, உருளைக்கிழங்கு, கரட், போஞ்சி, கத்தரிக்காய், அளவான தேங்காய்ப்பால், வாழைப்பழம் அதிகம் கனியாதது, இவை இருந்தன. பட்டினி இல்லை. வெங்காயமும் உள்ளியும் இல்லாமல் தாளிப்பதுதான் கஷ்டம், ஒரு தமிழ்க் குசினியில் அடுப்பு பற்றவைத்ததும் முதல் விழுவது அவைதான்.

லீக்ஸ் கைகொடுத்தது. அதன் வெள்ளைப் பகுதி ஆகாது, பச்சை இலை ஆகும். நுவரெலியாவிலிருந்து வருகிற லீக்ஸின் பச்சையை மெல்லியதாக அரிந்து கடுகு, சீரகம், கறிவேப்பிலை, ரம்பையோடு வதக்கினால் வெங்காயம் இல்லாதது முக்கால்வாசி தெரியாது. உள்ளிக்கு எண்ணெய். ஃபிரக்டன் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது, அதனால் உள்ளிப் பல்லைத் தேங்காயெண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, பல்லை எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசம் மட்டும் வரும். இதை அம்மாவுக்குச் சொன்னேன், முழுதாகச் சொல்லவில்லை. ஆறாம் நாள் இரவு வயிறு 6. ஒன்றும் புரியவில்லை. என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன். "சொதிக்கு உள்ளி முழுசாப் போட்டு அவிச்சுப்போட்டு, பிறகு எல்லாத்தையும் எடுத்திட்டன், ஒண்டும் விடேல்ல" என்றார். பல்லை எடுத்தார், ஆனால் சொதி தண்ணீர். ஃபிரக்டன் முழுக்க அந்தத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பிழை என்னுடையது, காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் இன்னொன்று. வேலை முடிய நேரமாகிவிட்டது, காலி வீதியில் ஒரு கடையில் இடியப்பம் பத்து வாங்கினேன், அரிசி இடியப்பம்தானே, பயமில்லை என்று. அடுத்த நாள் விடிய வயிறு 7. திரும்பப் போய்க் கேட்டேன். கடைக்காரர் மறைக்கவில்லை: "வெறும் அரிசிமாவில புழிஞ்சா உடையும் அக்கா, அரைவாசிக்குக் கோதுமை மாதான் போடுறது." யாழ்ப்பாணத்து வீடுகளிலும் கோதுமை மாவை அவித்து அரித்துத்தானே புட்டும் இடியப்பமும் செய்கிறோம், நான் அதை யோசித்திருக்கவேண்டும். கொழும்பில் வெளியே சாப்பிடுகிறவர்களுக்கு இது முக்கியம், இடியப்பம் என்றால் அரிசி என்று எடுக்கவேண்டாம், கேளுங்கள். பெருங்காயத் தூளிலும் கோதுமை மா கலந்து வருகிறது. ஒரு சிட்டிகையில் எனக்கு ஒன்றும் செய்யாது, சீலியாக் உள்ளவர்களுக்கு அந்தச் சிட்டிகையும் ஆகாது.

மூன்று கிழமையைத் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். இரண்டாம் கிழமையில் ஐந்து மணிப் புள்ளி ஆறு ஏழிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டது, ஆனால் காலை பத்து மணிக்கு மட்டும் விளங்காத ஒரு நாலு. கொப்பியில் தேடினால் காரணம் இல்லை, ஏனென்றால் நான் அதைச் சாப்பாடாகவே நினைக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது சீனி இல்லாத சுவிங்கம், ஒன்று முடிய ஒன்று, நாலைந்து. கைப்பையைத் துழாவும்போது பக்கெட் கையில் பட்டது, பின்பக்கம் முதல் சொல்லே சோர்பிட்டோல். அதுவும் சரியாக உறிஞ்சப்படாத ஒரு இனிப்பு, ஃபொட்மாப் பட்டியலில் இருக்கிறது. நிறுத்தினேன், மூன்றாம் நாள் அந்த நாலு போய்விட்டது. வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் எழுதவேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது: மருந்து, மிட்டாய், சூப்கூட, ஏனென்றால் சூப் கட்டியில் வெங்காயத் தூள் இருக்கும்.

இந்த நாட்களில் அம்மாவுக்கு மனது நொந்திருந்தது. ஒரு நாள் நான் தட்டில் சம்பலை ஒதுக்கி வைத்தபோது, "என்ர சமையல்தான் உனக்கு நஞ்சாப் போச்சோ" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். முப்பது வருஷமாக எனக்குச் சமைத்துப் போட்ட கை. பிறகு அவர் பக்கத்தில் இருந்து கொப்பியைக் காட்டினேன், இந்த நாள் இவ்வளவு, இந்த நாள் இவ்வளவு, சமையலில் பிழை இல்லை அம்மா, சேருகிற அளவில்தான். இலக்கங்களை விரலால் தடவித் தடவி வாசித்தார். அதன் பிறகு அகப்பைக் கணக்கு அவரே சொல்லத் தொடங்கினார், நான் கேட்கவேண்டியிருக்கவில்லை.

விலக்கல் பாதி வேலைதான். நன்றாகிவிட்டது என்று அங்கேயே நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சரியில்லை. அந்த ஃபிரக்டனும் பருப்புச் சர்க்கரையும் குடலிலுள்ள நல்ல கிருமிகளுக்குத் தீனி, நீண்ட காலம் நிறுத்தினால் பிஃபிடோபக்டீரியா வகை குறைகிறது. எனக்கு ஒரு மாதத்தில் இரண்டு கிலோவும் குறைந்தது. பங்குனி நடுவிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தேன்: ஒரு பொருள், மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அளவைக் கூட்டி, பிறகு வயிறு இரண்டுக்குக் கீழே இறங்கும்வரை ஓய்வு, அப்புறம் அடுத்தது. சித்திரை வருஷப் பிறப்புக்கு ஒரு கிழமை நிறுத்திவைத்தேன், அந்த நாட்களில் பலகாரமும் விருந்தும், எதையும் பிரித்தறிய முடியாது.

பாண் ஒரு துண்டு, ஒன்றுமில்லை. இரண்டு துண்டு, 2. நாலு துண்டு காலை ஏழு மணிக்கு, பகல் ஒன்றரைக்கு 5. இதைக் கண்ணைக் கட்டிச் சோதிக்க வழி தெரியவில்லை, பாண் பாண்தான் என்று வாய்க்குத் தெரியும், அதனால் இந்த முடிவை நான் பால் முடிவு அளவுக்கு உறுதியாகச் சொல்லமாட்டேன். எதிர்பார்ப்பே வயிற்றை நோகவைக்கும். ஒஸ்லோவில் 2018இல் வந்த ஓர் ஆய்வு, கோதுமை ஆகாது என்று தாங்களே சொன்ன, சீலியாக் இல்லாத 59 பேருக்குத் தெரியாமல் மூன்று வகைச் சிற்றுண்டி கொடுத்தது, ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃபிரக்டன், ஒன்றில் இரண்டுமே இல்லை. அதிக வருத்தம் ஃபிரக்டனில் வந்தவர்கள் 24 பேர், குளூட்டனில் 13 பேர், ஒன்றுமே இல்லாததில் 22 பேர். அந்த 22ஐ நான் அடிக்கடி நினைப்பேன். என் பால் கதையும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததுதான்.

உள்ளிதான் எனக்கு மிக மோசம், ஒரு பல் சொதியில், முதல் நாளே 6, அங்கேயே நிறுத்தினேன். வெங்காயம் வதக்கியது ஒரு மேசைக்கரண்டி பரவாயில்லை, இரண்டு என்றால் 4. பருப்பில்தான் மனது குளிர்ந்தது. வழமையாகச் சமைத்த மைசூர்ப் பருப்பு அரைக் கோப்பை, 6. பிறகு இரவு முழுக்க ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றி, புதுத் தண்ணீர் நிறைய விட்டு, அரைவேக்காட்டில் அதையும் வடித்து, பிறகு தேங்காய்ப்பாலும் மஞ்சளும் விட்டு முடித்தோம். பருப்புச் சர்க்கரையும் தண்ணீரில் கரைவதுதான். அம்மா "சத்தெல்லாம் தண்ணியோட போகுது" என்று சொல்லிக்கொண்டேதான் வடித்தார். அரைக் கோப்பை, 2. அடுத்த நாளும் 2. மூன்று மாதத்துக்குப் பிறகு சோற்றில் பருப்பு விட்டுச் சாப்பிட்டேன், அந்த மஞ்சள் நிறத்தைத் தட்டில் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

கடைசியாகச் செய்ததுதான் இந்தக் கொப்பியிலேயே பெறுமதியான பக்கம். தனித்தனியாக ஒன்றும் செய்யாத அளவுகளை ஒரே நாளில் வைத்தேன்: காலையில் பாண் இரண்டு துண்டு, அதோடு ஒரு மேசைக்கரண்டி வெங்காயம் போட்ட முட்டைப் பொரியல், மத்தியானம் வடித்த பருப்பு அரைக் கோப்பை. ஐந்து மணிக்கு 6. இரண்டு கிழமை கழித்துத் திரும்பச் செய்தேன், 5. ஒவ்வொன்றாகச் சோதித்தால் மூன்றும் குற்றமற்றவை, ஒரு நாளைக்குள் கூடினால் வயிறு தாங்கவில்லை. மூன்று வருஷமாக ஒரு குற்றவாளியைத் தேடினேன். ஒருவர் இல்லை. காலைப் பாணும் சம்பலும், மத்தியானப் பருப்பும், பஸ் சுவிங்கமும் சேர்ந்த கணக்கு ஐந்து மணிக்கு வந்து விழுந்திருக்கிறது.

இப்போது காலையில் பாண் என்றால் மத்தியானம் பருப்பு இல்லை, பருப்பு என்றால் காலையில் அரிசிமாப் புட்டு. வெள்ளிக்கிழமைச் சாப்பாடு வீட்டிலிருந்து, கோவில் சுண்டலில் நாலு கடலை, அது பிரசாதத்துக்கு. சம்பலுக்கு அம்மா பச்சை வெங்காயத்துக்குப் பதிலாக லீக்ஸ் பச்சையும் நிறையத் தேசிக்காயும் விடுகிறார். பால்தேத்தண்ணி இரண்டு நேரமும். ஐந்து மணிப் புள்ளி பெரும்பாலும் ஒன்று, இரண்டு. மாத முடிவில் என்ன சாப்பிட்டாலும் நாலு, அதற்குச் சாப்பாடு பொறுப்பில்லை.

கொப்பியில் இன்னும் ஆறு பக்கம் மிச்சம். ஊரிலிருந்து சித்தி ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் அனுப்பியிருக்கிறார். மாம்பழத்தில் குளுக்கோசை விட ஃபிரக்டோஸ் கூட, அதுவும் பட்டியலில் உள்ளதுதான், அதனால் மற்றவற்றைப் போலவே மூன்று நாள். நேற்று இரண்டு துண்டு, 1. இன்றைக்குப் பாதிப் பழம், 2. நாளைக்கு ஒரு முழுப் பழம். அம்மா பெரிதாகப் பார்த்து ஒன்றை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார்.